நகர்ந்து வந்த தீப்புள்ளி

அக்கா இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். மறுபடி கேட்டபோது எழுந்து போய்விட்டாள். இது கட்டுக்கதை இல்லை என்று அதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

காட்டுத் தீயைக் கண்காணிப்பது அவள் வேலை. அதற்காகக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செயற்கைக்கோளிலிருந்து படம் வரும். எங்கே சூடு அதிகமோ, அந்தக் கட்டத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். உடனே பக்கத்து வனக் காவல் சாவடிக்குப் போன் செய்ய வேண்டும். விடுமுறை நாளில் எல்லோரும் நழுவுவார்கள். அக்கா மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வாள். மாமா தவறிய பிறகு, வீட்டில் இருந்தால் சுவரோடுதான் பேச வேண்டும். ஆபீஸில் மெஷின் இரைச்சலாவது துணைக்கு இருக்கும்.

அன்றும் விடுமுறை. நாலு மாடிக் கட்டடத்தில் அவள் ஒருத்திதான். மத்தியானம் 2:10 படத்தில், மலையின் மேற்குச் சரிவில் ஒரு புள்ளி. சாவடியில் போனை எடுத்தவர் மீசைக்காரர். பல வருஷமாகப் பழக்கமான காவலர்.

"அண்ணே, மேற்குச் சரிவுல ஒரு புள்ளி. கொஞ்சம் பாத்துட்டு வரீங்களா?"

"உங்களுக்கு லீவே கிடையாதாம்மா? சரி, ஜீப்ப எடுக்கறேன்."

2:20. புள்ளி அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது. பழைய இடத்தில் சூடே இல்லை. தீ பரவும். இப்படி இடத்தைக் காலி செய்துகொண்டு கிளம்பாது. கருவிக் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள்.

2:50. புள்ளி காட்டுப் பாதைக்கே வந்துவிட்டது. அப்போது போன் அடித்தது.

"ஒண்ணுமே இல்லம்மா. புகை கூட இல்ல. ஆனா என்னமோ... குளிருது."

"இந்த வெயில்லயா?"

"பல்லு கிட்டுது. நான் திரும்பறேன்."

3:00. புள்ளி பாதையிலேயே கீழே இறங்கியிருந்தது. 3:10. இன்னும் கீழே. ஒரே தாவலில் நாலைந்து கட்டம்.

வண்டி ஓடுகிற வேகம்.

அக்கா மீசைக்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, தனியாவா வரீங்க?"

"இல்லம்மா. நம்ம உடுப்புல ஒரு பையன் கை காட்டினான். ஏத்திக்கிட்டேன். வேலைக்குப் புதுசு போல."

"நிறுத்துங்க. உடனே இறங்குங்க."

"என்னம்மா..."

"சொன்னாக் கேளுங்க!"

க்ரீச்... கதவு திறக்கும் சத்தம். ஓடும் சத்தம். மூச்சிரைப்பு.

"ஆளக் காணோம்மா. அந்தப் பக்கக் கதவு சாத்தினபடியே இருக்கு."

"எங்க போகணும்னு சொன்னான்?"

"புள்ளி பாக்கறவங்க ரூமுக்குன்னான்."

3:20. மலையில் புள்ளி இல்லை.

3:30. ஊருக்குள் இருந்தது.

3:40. அக்கா உட்கார்ந்திருந்த கட்டடத்தின் மேல்.

மெஷின் இரைச்சல் நின்றது. அறை சில்லிட்டது. கருகிய வாசம்...

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

அவள் திரும்பவில்லை.

மூச்சு நெருங்கியது...

3:50. புள்ளி இல்லை. மெஷின் மறுபடி இரைந்தது.

மீசைக்காரர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கருவியைச் சோதித்தார்கள். கோளாறு ஏதுமில்லை. பிறகுதான் மேலதிகாரி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய கோடையில், இதே மாதிரி ஒரு விடுமுறை நாளில், மேற்குச் சரிவில் தீ சுற்றி வளைத்துக்கொண்டது. உள்ளே ஒரு புதுக் காவலர் மாட்டிக்கொண்டார். எந்தப் பக்கம் ஓடினால் வெளியே வரலாம் என்று வயர்லெஸ்ஸில் கேட்டுக்கொண்டே இருந்தாராம். படத்தில் வழி தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

அன்று அந்த அறையில் யாருமே இல்லை.