டிரெக்டரியில் மட்டும் இருக்கும் நூலகம்

போன வாரம் பரமேஸ்வரி வீட்டுக்கு வந்திருந்தார். தெல்தெனியவில் தையல் கடை வைத்திருப்பவர். என் மனைவிக்கு ரவிக்கை தைப்பவர் அவர்தான். ஆனால், வந்தது என்னைப் பார்க்க.

"சார், நீங்க லைப்ரரியில இருந்தவங்கதானே... ஒரு பழைய புஸ்தகம் தேடணும்."

ஓய்வுபெற்ற நூலகரிடம் இப்படி ஒருவர் கேட்டால் என்ன ஆகும்? மூட்டுவலி மறந்துபோகும்.

அவருடைய அக்கா ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருந்தவர். இளவயதில், கண்டியில் அச்சான ஒரு சிறு சஞ்சிகையில் ஒரே ஒரு கதை எழுதியிருக்கிறார். அண்மையில் காலமாகிவிட்டார்.

கதையில் ஒரு சிறுமி. மழையில் வழி தவறித் தேயிலை மலையில் நிற்கிறாள். அந்தச் சிறுமி பரமேஸ்வரிதான். அக்கா அதை வாசித்துக் காட்டியபோது பரமேஸ்வரி பாதியிலேயே தூங்கிவிட்டாராம்.

"அந்தப் புள்ள வீடு வந்து சேர்ந்துச்சான்னு தெரியல சார். ஆஸ்பத்திரியில வச்சுக் கேட்டேன். 'தேடிப் படிச்சுக்கடி'ன்னு சிரிச்சா. அவகிட்டயும் புஸ்தகம் இல்ல."

இதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறது. கூகுளில் எதையாவது தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்குவதல்ல. முதலில் டிரெக்டரி, அதாவது நூலகங்களின் விபரக்கொத்து. எந்த ஊரில் எந்தக் கல்வி நிறுவனம், அதன் நூலகத்தில் என்ன விசேஷத் தொகுப்பு, யாரைக் கேட்க வேண்டும் — எல்லாம் அதில் இருக்கும். நிறுவனத்தின் பெயரில் தேடக்கூடாது. கடைசிப் பக்கங்களில் பொருள் அட்டவணை இருக்கிறது, அங்கே தேட வேண்டும். இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பென்ஷன் எடுக்கிறோம்.

கிடைத்தது. மலையகச் சஞ்சிகைகள் — கண்டிக்கு வெளியே ஒரு நிறுவனம் — 'முழுத் தொகுப்பு'. அதுவும் ஆகப் புதிய பதிப்பில்.

பரமேஸ்வரி அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

அதிலிருந்த தொலைபேசி எண்ணுக்கு அழைத்தேன். ஒரு பேக்கரிக்காரர் எடுத்தார். எண்கள் மாறும், புத்தகங்கள் எங்கே போய்விடும் என்று ஆறுதல் சொன்னேன். என்ன நம்பிக்கை பாருங்கள்!

மறுநாள் பஸ் ஏறிப் போனோம். நூலகப் பொறுப்பாளர் நல்ல மனிதர். நாங்கள் உட்காரக் கதிரைகளைத் துடைத்துப் போட்டார். டிரெக்டரிப் பக்கத்தைக் காட்டியதும் அவர் முகம் வாடியது.

"இதா சேர்? இது நான் வர முந்தியே போயிட்டு. பின் ரூம் ஒழுகி, பொறகு கறையான் புடிச்சி... மிச்சத்தப் பழைய பேப்பருக்குப் போட்டாங்களாம்."

"இந்தப் பதிப்பில இருக்கே?"

"ஒவ்வொரு முறையும் டிரெக்டரிக்கு ஃபோர்ம் ஒண்டு வரும் சேர். வேலைக்கு ஆள் காணாது இங்க. நாங்க நிரப்பி அனுப்புறல்ல."

அனுப்பாவிட்டால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். பதில் தராத நிறுவனத்துக்கு முந்தைய பதிப்பின் விபரமே மறுபடி அச்சாகும். பதில் வரவில்லையென்றால் மாற்றம் இல்லை என்று பொருள். அதுதான் முறை. கறையான் ஃபோர்ம் நிரப்புவதில்லை.

பரமேஸ்வரி அந்த அறையைப் பார்க்கலாமா என்று கேட்டார். திறந்து காட்டினார்கள். உடைந்த பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். உள்ளே போகாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

"நாளைக்கே டிரெக்டரி போடுறவங்களுக்கு எழுதுறேன். இந்த வரிய எடுக்கணும். இன்னொருத்தர் நம்மள மாதிரி அலையக்கூடாது."

"எடுக்காதீங்க சார்."

"இல்லாத ஒண்ண இருக்குன்னு போட்டா எப்படி, பரமேஸ்வரி?"

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி ஒரு புஸ்தகம் வந்துச்சுன்னு சொல்றதுக்கு அந்த வரி மட்டுந்தானே சார் இருக்கு. அந்தப் புள்ள வீட்டுக்கு வரலன்னாலும் பரவாயில்ல. அந்த மலையே இல்லன்னு சொல்லிடாதீங்க."

எதற்கும் ஒரு விதியை எடுத்துக் காட்டக்கூடியவன் நான். இதற்கு ஒன்றும் அகப்படவில்லை. தெல்தெனியவில் அவர் இறங்கிக்கொண்டார்.

இதை வாசிக்கிற உங்களில் யாருடைய அலுமாரியிலாவது பழைய மலையகச் சஞ்சிகைகள் கிடந்தால், தயவுசெய்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மழை, தேயிலை மலை, வழி தவறிய ஒரு சிறுமி. முதல் பக்கம் வேண்டாம். கதையின் கடைசிப் பக்கம் போதும்.

திருத்தக் கடிதத்தை எழுதிவிட்டேன். நியாயப்படி அதை அனுப்பத்தான் வேண்டும். உறையில் போட்டு, முத்திரையும் ஒட்டியாயிற்று. தபால் பெட்டி எங்கள் வீதி முனையில்தான் இருக்கிறது. நடைப்பயிற்சிக்குத் தினமும் அதைத் தாண்டித்தான் போய் வருகிறேன்... கடிதம் மேசையிலேயே கிடக்கிறது.

பதில் வரவில்லையென்றால், மாற்றம் இல்லை என்றுதானே பொருள்?