இறங்குதுறைத் தெருவின் வெடிப்பு

போன கிழமை பக்கத்து வீட்டுக்கு வந்த மேசன் சுவரில் ஒரு வெடிப்பைக் கண்டுவிட்டு, "இடிச்சுத்தான் கட்டவேணும்" என்றார். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற நான் கேட்காமலே வாயைத் திறந்துவிட்டேன்: "வெடிப்பு ஓடுதோ, நிக்குதோ எண்டு முதல்ல பாருங்கோ." மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவர் தட்டிய இடத்திலிருந்து பழைய சுண்ணாம்பு மணம் வந்தது. அந்த மணத்தில் நான் நினைவால் தீவுக்கு, பழைய ஊர்காவற்துறைக்குப் போய்விட்டேன்.

எண்பத்துநான்கில் அங்கே ஓர் அலுவலகத்தில் கட்டடப் படம் வரைபவளாகச் சேர்ந்தேன். வயது இருபத்திரண்டு. கையில் அளவுநாடா இருந்தால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. இறங்குதுறைக்குப் போகும் தெருவின் பழைய மாடிவீடுகளை அளந்து, எது நிற்கும், எது ஆபத்து என்று குறிப்பது வேலை. எல்லாம் கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லால் கட்டிய வீடுகள். சாந்தில் பனங்கட்டி கரைத்து ஊற்றியது என்று தெருவே சத்தியம் செய்யும். ஒருநாள் யாரும் பார்க்காத நேரம் சுவரை நக்கிப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

நாலாவது வீட்டில் கனகம் அக்கா. தெற்கே கடை வைத்திருந்த குடும்பம். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடை எரிய, உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து, பூட்டிக்கிடந்த மாமனார் வீட்டைத் திறந்து குடியேறியவர்கள். மாடிச் சுவரில் மேலிருந்து கீழே பென்சில் நுழையும் வெடிப்பு. எங்கள் எஞ்சினியர் ஐயா வாசலில் நின்றபடியே, "ஆபத்து எண்டு எழுதும்" என்றார்.

அக்கா தேத்தண்ணியைத் தந்துவிட்டுக் கேட்டார்: "இடிச்சா நாங்கள் எங்க போறது, பிள்ளை? ஒருக்கா ஓடி வந்தனாங்கள். இனி ஏலாது."

இரக்கம் இருந்தது, ஆனால் என்னை நிறுத்தியது அளவுதான். அந்தச் சுவரின் பின்பகுதி இரண்டரை அடி தடிப்பு, முன்பகுதி ஒன்றேகால். இரண்டும் சேரும் இடத்தில்தான் வெடிப்பு. பக்கத்து வீடுகளிலும் இதே கதை. பிறகுதான் விளங்கியது. முதலில் எல்லா வீடும் தெருவிலிருந்து உள்ளே தள்ளி இருந்திருக்கின்றன. வியாபாரம் கொழித்த காலத்தில், ஒருவரைப் பார்த்து ஒருவர் முன்னுக்கு இழுத்து மாடி கட்டியிருக்கிறார்கள். பழைய கல்லோடு புதுக்கல்லைக் கோக்க யாரும் மினக்கெடவில்லை. அது உடைவில்லை, பொருத்து.

"நிரூபியும் பாப்பம்" என்றார் ஐயா.

வெடிப்புக்குக் குறுக்கே மூன்று கண்ணாடித் துண்டுகளைச் சீமெந்தால் ஒட்டினேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒவ்வொன்றின் இரு பக்கமும் பென்சில் புள்ளி வைத்து, இடைவெளியைச் சுவரிலேயே எழுதினேன். மாரி மழை முடியும்வரை பார்ப்பம் என்று ஐயா சம்மதித்தார்.

மார்கழிக் கடைசியில் இருவரும் போனபோது நடுக்கண்ணாடி உடைந்திருந்தது. 

"நான் தும்புத்தடியால ஒட்டறை தட்டினனான், பிள்ளை. பட்டிட்டுது" என்றார் அக்கா, அழாத குறையாக.

ஐயா சிரித்தார். "வேற என்னத்தைச் சொல்லுவா?"

நான் நாடாவைப் புள்ளிகளில் வைத்து, "நீங்களே வாசியுங்கோ ஐயா" என்றேன். ஆறு அங்குலம். சுவரில் எழுதியிருந்ததும் ஆறு. மூன்று இடத்திலும் அப்படியே. இரண்டு தரம் வாசித்துவிட்டு, "சரி, நிக்கட்டும் எண்டு எழுதும்" என்றார். அன்று நண்டுக் கூழ் குடிக்காமல் அக்கா என்னை வெளியில் விடவில்லை.

வீடு நின்றது. தொண்ணூறில் சண்டை வந்தபோது நாங்கள்தான் நிற்கவில்லை. தீவே வெறுமையாகிப் போனது. வருஷங்கள் கழித்துத் திரும்பிப் போனபோது அந்தத் தெருவில் மாடி என்று ஒன்றுமில்லை. மரம், கதவு, ஓடு, கல், எல்லாம் எங்கோ போய்விட்டன. நான் கீறிய படங்களும் அலுவலகத்தோடு போயின.

கனகம் அக்கா இப்போது கனடாவில். கிட்டடியில் போன் எடுத்தார். "மாடிக்குப் படி எத்தினை, பிள்ளை? நான் பதினாறு எண்டுறன், மகள் பதினெட்டு எண்டு நிக்கிறாள்."

அப்போது எண்ணித்தான் படத்தில் எழுதினேன். ஞாபகமில்லை. போய் எண்ணிப் பார்க்கப் படியும் இல்லை.

"பதினாறுதான் அக்கா" என்று உறுதியாகச் சொன்னேன்.