ஜெபத்துக்கு மூடிய லேப்டாப்

அந்த லேப்டாப் அண்ணனுடையது. லண்டனுக்கு வேலைக்குப் போகும்போது, பழசு என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனான். விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டிருந்தான். மூடியைச் சாத்தினால் ஹைபர்நேட் ஆகிவிடும். திறந்திருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு மொத்தமாக அணைந்துபோகும். அதில் ஒரு சனியன் உண்டு. மறுபடி திறந்தால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும், வைஃபை மட்டும் இருக்காது.

உடனே சங்கரன்கோவிலிலிருந்து போனில் கத்துவேன். "ஏட்டி, மொதல்ல கத்தாத. வைஃபை டிரைவரக் கழத்தி மாட்டு. ரீஸ்டார்ட் மட்டும் பண்ணிராத, கேவலம்" என்று சிரிப்பான். டிரைவர் என்ற அந்த மென்பொருளைக் கழற்றி மாட்டுகிற கட்டளை எனக்கு எப்போதோ மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனாலும் கூப்பிடுவேன். அந்தச் சாக்கில் அப்பாவும் அவனோடு இரண்டு வார்த்தை பேசுவார்.

அண்ணன் அங்கேயே நெஞ்சுவலியில் போய்விட்டான். உடலைக் கொண்டுவர வழியில்லை, அடக்கமும் அங்கேதான் என்று அண்ணி அங்கிருந்து போனில் அழுதாள். அடக்க ஆராதனையை நேரலையில் காட்டுவார்கள், பெட்டியை மூடுவதற்கு முன்னால் முகத்தைக் காட்டுவார்கள் என்றாள். அப்பாவுக்கு ஒரு கண்ணில்தான் பார்வை, அதுவும் மங்கல். போன் திரையில் ஆளை அடையாளம் தெரியாது. அதனால் லேப்டாப்பை மேசையில் வைத்து, அவர் நாற்காலியை ஒட்டிப் போட்டேன். "அவன் மொகத்த ஒருதரம் பாத்துட்டாப் போதும்" என்று காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஆராதனை தொடங்குவதற்குச் சற்று முன்னால், எங்கள் சபையிலிருந்து உபதேசியார் வந்து "ஜெபம் பண்ணுவோமா?" என்றார். எங்கள் வீட்டில் ஜெபம் என்றால் டிவி, ரேடியோ, எது பேசினாலும் அணைத்தாக வேண்டும். அது அப்பா வைத்த சட்டம். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், லேப்டாப் மூடிக் கிடந்தது. அப்பாவின் கை அதன்மேல் இருந்தது.

திறந்தேன். எல்லாம் வந்தது, வைஃபை வரவில்லை. டிரைவரைக் கழற்றினேன், மாட்டினேன். வரவில்லை. இன்னொருதரம் செய்தேன். "நாசமாப்போற பெட்டி, இன்னைக்கா?" என்று அதன் மண்டையிலேயே அடித்தேன்.

அப்பா பதறிப்போனார். "அவனுக்கு ஒரு போனப் போடேன் மக்கா. ஒரு நிமிசத்துல சொல்லிருவாம்லா."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார்.

கேவலமாவது ஒன்றாவது, ரீஸ்டார்ட் கொடுத்தேன். அந்தக் கிழட்டுப் பெட்டி முக்கி முனகி எழுவதற்குள், போனில் நேரலையைத் திறந்து அப்பாவின் கண்ணருகே பிடித்தேன். "வெள்ளையாத் தெரியுது. எங்கன இருக்கான்? இதுவா?" என்று விரலை வைத்தார். அவர் விரல் வைத்தது பூ வளையத்தின் மேல். லேப்டாப் எழுந்து வைஃபையைப் பிடித்தபோது அங்கே பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள். பெரிய திரையில் பளிச்சென்று பலகைதான் தெரிந்தது.

உபதேசியார் போன பிறகு அப்பா கேட்டார்.

"நான் சாத்துனதுனாலயா மக்கா?"

"ஐயோ, இல்லப்பா. அது பழைய பெட்டி. சும்மா இருந்தாலும் மக்கர் பண்ணும்."

"அப்பிடியா" என்றார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து அதைச் சரிசெய்தேன். அணையும் முன்னால் டிரைவரைத் தானே கழற்றி, எழுந்ததும் தானே மாட்டிக்கொள்ளும்படி சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி வைத்தேன். இப்போது எத்தனை தரம் மூடித் திறந்தாலும் வைஃபை உடனே வந்துவிடுகிறது. வந்து என்ன புண்ணியம்?

இன்றும் ஜெபத்துக்கு முன்னால் அப்பாதான் எழுந்து டிவியை அணைக்கிறார், ரேடியோவை அணைக்கிறார். மேசைப் பக்கம் மட்டும் வருவதில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்று, "அத நீயே மூடு மக்கா" என்கிறார்.