தழும்பில்லாத வயிறு

எனக்கும் என் ஓரகத்திக்கும் ஏழாம் பொருத்தம். ஒரே வீட்டில் அவள் கீழே, நான் மாடி. மாடியில் நான் காயப்போட்ட சட்டையைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தே, காலரில் அழுக்கு அப்படியே இருக்கிறது என்பாள். அந்தச் சட்டையை அவள் தலையிலேயே போடலாம் போலிருக்கும். ஆனால் அவள் பிழைப்பே அதுதான். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில், துவைத்து வரும் படுக்கை விரிப்புகளை விளக்கடியில் விரித்துப் பார்த்து, கறை இருப்பதைத் திருப்பி அனுப்ப வேண்டும். பலமுறை வெளுத்த விரிப்பிலும் ஒரு காலத்தில் காபி சிந்திய இடத்தை விரல் வைத்துக் காட்டிவிடுவாள். அங்கே அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வீட்டிலும் அது ஒட்டிக்கொண்டது. நேரில் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அக்காவின் கணவர், அதாவது என் கணவரின் அண்ணன், லிஃப்ட் பழுது பார்ப்பவர். வீட்டில் அவரைப் பெரியவர் என்போம். பெயருக்குத்தான் பெரியவர், அக்காவைக் கேட்காமல் தலைவலி மாத்திரைகூட விழுங்க மாட்டார். அதற்குக் காரணம் உண்டு. இளவயதில் யாரோ பென்சிலின் ஊசி போட்டு, முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மயிரிழையில் உயிர் தப்பியவர். அதனால் எந்த ஆஸ்பத்திரிப் படியை மிதித்தாலும், "இவருக்குப் பென்சிலின் ஆகாது" என்பதுதான் அக்காவின் முதல் பேச்சு. பெயரே அப்புறம்தான். இவர்களுக்கு ஒரே மகள், பள்ளியில் கடைசி வகுப்பு.

மூன்று பேரும் வைத்தியத்துக்குப் போவது, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு தனியார் மருத்துவமனைக்கு. போன வருடம் அங்கிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. நோயாளிகளின் விவரங்களை 'அனுமதியற்ற நபர்கள் அணுகியிருக்கக்கூடும்' என்று எழுதியிருந்தார்கள். திருட்டுப் போய்விட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. மூவரின் பெயர், பிறந்த தேதி, அடையாள எண், காப்பீட்டு அட்டை எண், எல்லாம் போயிருந்தது. வாசலைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கியவர்கள் அவர்கள். கடைசி வரியில் விழிப்புடன் இருங்கள் என்று நமக்குப் புத்தி சொல்கிறார்கள்.

அக்கா விழிப்புடன்தான் இருந்தாள். அவள் இருந்த விழிப்பில் பாதி அந்த மருத்துவமனைக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வங்கிக்கு நடையாய் நடந்து, நேரில் வராமல் இந்தப் பெயர்களில் யாருக்கும் எதுவும் கொடுக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். கடவுச்சொற்களை எல்லாம் மாற்றினாள். அவர்கள் பெயரில் வேறு யாரும் சிம் வாங்கியிருக்கிறார்களா என்று கடைக்காரனைக் குடைந்து பார்க்கச் சொன்னாள். பிறகு குடும்பத்துக்குப் பரீட்சை வைத்தாள். ஹோட்டலில் கூட வேலை செய்பவளின் போனிலிருந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று பெரியவரைக் கூப்பிட்டாள். மனுஷர் பிறந்த தேதியைச் சொன்னதோடு நிற்காமல், கேட்காத கல்யாணத் தேதியையும் சேர்த்துச் சொன்னார். அன்று அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது மாடி வரை கேட்டது. அதிலிருந்து அவர் போனுக்கு வரும் செய்தி எதுவானாலும் முதலில் அக்கா பார்ப்பாள். சந்தேகமானதை அழித்துவிட்டுத்தான் போனைத் திருப்பித் தருவாள்.

அப்படித்தான் ஒருநாள் அந்தச் செய்தி வந்தது. 'அறுவை சிகிச்சைக்குப் பின் நலமாக உள்ளீர்களா? எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' கீழே தொடுவதற்கு ஒரு நீல வரி. காலையில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறிவிட்டு வந்த மனுஷருக்கு எந்த அறுவை சிகிச்சை என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மோசடிக்காரன் கதை கட்டுவதற்கு அளவே இல்லாமல் போய்விட்டது என்று சொல்லி அக்கா அதை அழித்தாள். அவள் அழித்தவற்றில் உண்மையான செய்தி அது ஒன்றுதான்.

அது தெரிய வந்தது ஒரு பட்டப்பகலில். வேலையிடத்திலேயே பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். கூட இருந்தவர்கள் ஆட்டோவில் அதே மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நானும் அக்காவும் ஓடினோம். வலது பக்கம் கீழே வலி, காய்ச்சல், வாந்தி. அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் அவர் வயிற்றைப் பார்ப்பதற்கு முன் கணினியைப் பார்த்தார். பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்பென்டிக்ஸ்தான் ஏற்கெனவே எடுத்தாச்சே. இது வாய்வா இருக்கும். ஒரு ஊசி போட்டுப் படுக்க வைப்போம்."

யாருக்கு எடுத்தது என்று அக்கா கேட்டாள். இவருக்குத்தான், எங்கள் வேறு ஊர்க் கிளையில், சில மாதங்களுக்கு முன்பு, காப்பீட்டில் செய்திருக்கிறார்கள் என்றார். எவனோ ஒருவன் பெரியவரின் பெயரைச் சொல்லி, பெரியவரின் எண்ணைக் காட்டி, பெரியவராகவே படுத்து வயிற்றைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறான். கத்தி பிடித்தவர், கட்டுப் போட்டவர், ஒருவர்கூட முகத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் பணத்துக்குப் பூட்டு மேல் பூட்டாகப் போட்டுக்கொண்டிருந்தோம். அவன் வயிற்றையே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அக்கா பெரியவரின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். தழும்பு எங்கே என்று கேட்டாள். இப்போதெல்லாம் சின்னத் துளைதான் போடுகிறார்கள், அடையாளமே தெரியாது என்றார் மருத்துவர். தெரியாதா, எனக்கா என்று அக்கா கேட்டாள். நான் கூட இருந்தேன், அதனால் சொல்கிறேன்: அவர் கடைசி வரை அந்த வயிற்றைக் குனிந்து பார்க்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுத்தால் வேலை போய்விடும் போல உட்கார்ந்திருந்தார். நோயாளி ஞாபகத்தில் தவறு இருக்கலாம், ஆஸ்பத்திரிக் கணினியில் தவறு வராது என்று நினைக்கும் ஜென்மங்களிடம் என்ன பேசுவது?

அதற்குள் ஒரு நர்ஸ் ஊசியோடு வந்தாள். காய்ச்சல் இருப்பதால் இதையும் போடச் சொன்னார் என்றாள். என்ன மருந்து என்று அக்கா கேட்டாள். பென்சிலின் வகை. வாசலிலேயே சொன்னேனே என்று அக்கா கத்தினாள். நர்ஸ் பாவம், திரையைக் காட்டினாள். ஒவ்வாமை என்ற இடத்தில், எதுவும் இல்லை என்று போட்டிருந்தது. வந்து போனவன் தனக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை என்று சொல்ல, பழைய குறிப்பை அழித்து அதையே ஏற்றியிருக்கிறார்கள். அதனால் பெரியவருக்கும் இல்லை என்று ஆகிவிட்டது. அக்கா அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவே இல்லை.

பெரியவர் பிழைத்தது எங்கள் கத்தலால் அல்ல. பணி மாற்றத்தில் வந்த ஒரு வயதான மருத்துவர், கணினி மேசைப் பக்கம் போகாமல் நேராகக் கட்டிலுக்கு வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். பெரியவர் அலறினார். உடனே ஸ்கேன், உடனே அறுவை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வெடித்திருக்கும் என்றார் அவர். அதிர்ஷ்டம் அப்படி வந்து சேர்ந்தது. இல்லையென்றால் அக்காவின் தாலியை அறுத்துவிட்டு, அதற்கு இரண்டு நட்சத்திரமா மூன்று நட்சத்திரமா என்று எங்களையே கேட்டிருப்பார்கள்.

பெரியவர் வீட்டுக்கு வந்து நடமாடத் தொடங்கியதும், பதிவைச் சரி செய்யச் சொல்லி நானும் அக்காவும் போனோம். ஏசி அறை, மேசையில் பிளாஸ்டிக் பூ, அதன் மேல் தூசி. அக்கா அந்தத் தூசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவுப் பிரிவு அதிகாரி தேனாய்ப் பேசினார். நடந்ததற்கு வருந்துகிறோம் என்றார். நாங்கள்தான் செய்தி அனுப்பினோமே, நீங்கள் அப்போதே பதில் சொல்லியிருக்கலாம் என்றார். நட்சத்திரம் கேட்ட அந்தச் செய்தியைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்போ சாருக்கு நிஜமாவே அப்பென்டிக்ஸ் இல்லைதானே? அப்போ ரெக்கார்டு சரியாத்தான் இருக்கு."

எனக்குக் கை பரபரத்தது. அக்கா அடக்கமாகத்தான் கேட்டாள். அவன் சொல்லி ஏறியது எது, எங்கள் வீட்டுக்காரர் சொல்லி ஏறியது எது என்று பிரித்துக் காட்டுங்கள். பென்சிலினை நான் கண்டுபிடித்தேன், நான் கண்டுபிடிக்காதது இன்னும் என்னென்ன இருக்கிறதோ என்றாள். அதிகாரி சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அதைக் காட்ட முடியாது மேடம். அது இன்னொரு பேஷண்டோட அந்தரங்கம். அதை நாங்க காப்பாத்தியாகணும்."

காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. எங்கள் வீட்டு மூன்று பேரின் அந்தரங்கத்தைத் தெருவில் கொட்டியவர்கள், திருடனின் அந்தரங்கத்தைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறார்கள். மேலிடத்துக்கு எழுதுகிறோம் என்றார்கள். அக்காவும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான் இதை எழுதும் வரை பதில் இல்லை.

ஹோட்டலில் விரிப்புகளின் ஓரத்தில் எண் எழுத ஒரு பேனா வைத்திருப்பார்கள். கொதிநீரில் போட்டாலும் அந்த மை போகாது. அக்கா ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, பெரியவரின் நெஞ்சில், சட்டையைத் திறந்ததும் கண்ணில் படும்படி, 'பென்சிலின் ஆகாது' என்று எழுதினாள். துணியில்தான் நிற்கும், தோலில் சில நாளில் மங்கிவிடும். மங்கினால் மறுபடி எழுதுகிறாள். தலையணை உறை மாதிரி வேலைக்குப் போகிறேன் என்று பெரியவர் கேலி பேசுகிறார். ஆனாலும் அசையாமல் நின்று எழுதிக்கொள்கிறார்.

போன வாரம் நான் கீழே போயிருந்தபோது அக்கா அப்படி எழுதிக்கொண்டிருந்தாள். மகள் புத்தகத்தை மூடிவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். அவள் விவரங்களும் அதே திருட்டில் போனவைதான். எந்த ஊரில் எவள் இவளாகப் படுத்து எழுந்தாளோ, இவள் பதிவில் என்ன பொய்யை ஏற்றிவிட்டுப் போனாளோ, யாரும் காட்டப் போவதில்லை. பெண் கையை நீட்டினாள்.

"எனக்கு என்னம்மா எழுதுவே?"

அக்கா அந்தக் கையைப் பிடித்து, பேனாவை வைத்தாள். எதையும் எழுதவில்லை. மை ஒரே இடத்தில் ஊறிப் பரவியது. எந்தக் கறையையும் விடாதவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.