மீன் பெட்டிக்குள் மாவு

கட்டிலில் மூன்று பேர். சுவரோரம் என் மனைவி ஸ்டெல்லா. இந்தப் பக்கம் நான். நடுவில் மாவுத் தூக்கு. இருந்த இரண்டு ரஜாய்ப் போர்வையில் ஒன்று அதற்கு. போன ஜனவரி முழுக்க எங்கள் குடும்பம் இப்படித்தான் தூங்கியது. ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். டெல்லியில் இருப்பவர்கள் சிரிக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு தூக்கு எங்காவது போர்த்திக்கொண்டு கிடக்கும்.

அப்படிப் போர்த்தியும் மாவு பொங்கவில்லை. முன்பு நாங்கள் குடியிருந்த குடிசைப் பகுதியில், கேம்ப்பில், இருந்தவரை பொங்கியது. அங்கே சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு அடுப்பு. சுவரே வெதுவெதுப்பாக இருக்கும். கேம்ப்பை இடித்த பிறகு மொட்டைமாடியில் ஓர் அறை. நாலு பக்கமும் காற்று. சொந்த ஊர் தூத்துக்குடியில் எங்களுக்கு நேர்மாறான தொல்லை. மே மாதம் மாவு வழிந்து தரையில் ஓடும். ஸ்டெல்லா திட்டிக்கொண்டே துடைப்பாள். மாவு பொங்க நாம் ஏதாவது செய்யணும் என்று அங்கே யாருக்கும் தோன்றாது.

நர்ஸ் ஹாஸ்டல் கேட்டில் காலையில் இட்லி விற்கிறோம். போன குளிரில் இட்லி கல்லாக வந்தது. ஹாஸ்டலில் பாதி நர்ஸ்கள் நம் பக்கத்துப் பிள்ளைகள். பாவம் பார்த்துச் சாம்பாரில் ஊறவைத்துத் தின்றார்கள். பிறகு அவர்களும் நின்றுவிட்டார்கள். ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் நல்லவர். இருந்தாலும் சொல்லிவிட்டார்: "ஸ்டெல்லா, அடுத்த குளிருக்கும் இப்படின்னா பிரெட் ஆம்லெட்காரருக்குத்தான் எடம். பிள்ளைங்க பசியோட டூட்டிக்குப் போகுது."

கேட் போனால் ஸ்டெல்லா பழையபடி நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கணும். பச்சைத் தண்ணீரில். முன்பெல்லாம் பனிக்காலத்தில் அவள் விரல் வெடித்து ரத்தம் வரும். இட்லிக்கு வந்த பிறகுதான் ஆறியது.

நான் படித்தது எட்டாம் வகுப்புவரை. செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் சிப் போர்டு ஒன்றைப் போனில் பார்த்தேன். தமிழில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதைப் பார்த்து ஒரு சின்ன விளக்கு அணைந்து எரிகிற மாதிரி செய்து பழகியிருந்தேன். செடிக்கு முடிந்தால் மாவுக்கும் முடியும். மீன்கடையில் காலித் தெர்மோகோல் பெட்டி ஒன்று கேட்டு வாங்கினேன்.

"மாவுல மீன் வாடை வந்தா கேட்டுல நிக்கப்போறது நான்தான்," என்றாள் ஸ்டெல்லா. மூன்று தடவை கழுவினாள்.

எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் லஜ்பத் ராய் மார்க்கெட்டில் ஒரு கடைக்காரரிடம் என் ஹிந்தியில் சொன்னேன். பெட்டி. உள்ளே பல்பு. சூடு குறைந்தால் எரியணும், கூடினால் அணையணும். எத்தனை வரணும் என்று கேட்டார். இருநூறு என்றேன்.

"தோ சௌ! வாஹ் பையா!" இருநூறா என்று வாயைப் பிளந்தார்.

போர்டு, சூடு பார்க்கிற கம்பி, பல்பை அணைத்து எரிக்கும் ரிலே, எண் காட்டும் சின்னத் திரை, எல்லாம் எடுத்துவைத்தார். அவர் லேப்டாப்பிலிருந்து புரோகிராமையும் ஏற்றிக்கொடுத்தார். டிசம்பர் முதல் குளிரில் வைத்துப் பார்த்தேன். காலையில் மூடியைத் திறந்தால் மூக்கைப் பிடிக்கணும்.

"ஏங்க, இது மாவா, காடியா?"

திரையில் முப்பத்தேழரை. மெட்ரோ பிடித்துக் கடைக்குப் போனேன். கோழிக்குஞ்சுக்கு அதுதானே பையா சூடு என்றார் அவர். இருநூறு முட்டை பொரிக்க வந்தவன் என்று நினைத்திருக்கிறார். இட்லி என்றதும் கல்லாவில் தட்டிச் சிரித்தார். சாய் வாங்கிக்கொடுத்தார். எண்ணைப் போனிலிருந்தே மாற்றக் கற்றுக்கொடுத்தார். "அச்சா, இட்லிக்கு எத்தனை?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"கைய விட்டா தெரியும்," என்றாள்.

"போர்டுக்குக் கை இல்ல."

கொஞ்சம் யோசித்தாள். "எங்க ஊர் அடுப்படில எத்தனையோ, அத்தனை."

ஜெபா என்று ஒரு நர்ஸ் கிறிஸ்துமஸுக்கு லீவில் தூத்துக்குடி போனாள். ஒரு சின்ன வெப்பமானியை அவளிடம் கொடுத்துவிட்டேன். ஸ்டெல்லாவின் தங்கச்சி வீட்டு அடுப்படியில் மாவுச்சட்டி பக்கத்தில் வைக்கச் சொன்னேன். கொழுந்தியா போன் போட்டாள்.

"ஏன் அத்தான், அடுப்படிக்குக் காய்ச்சலா?"

"எத்தனை காட்டுது, அதைச் சொல்லு."

"ராத்திரியும் பாத்தேன், விடிஞ்சும் பாத்தேன். இருபத்தெட்டு. மாத்திரை எதும் குடுக்கணுமா?"

இருபத்தெட்டு என்று மாற்றினேன். அப்போது புரோகிராம் வரிக் கடைசியில் அரைப்புள்ளி ஒன்றை அழித்துவிட்டிருக்கிறேன். பழைய எண்ணைவிட்டுப் போர்டு அசையவே இல்லை. கண்டுபிடிக்க இரண்டு நாள். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியும் படியாத அரைப்புள்ளி.

மூன்றாம் நாள் விடியுமுன் திறந்தோம். மாவு தூக்கு மூடியை முட்டிக்கொண்டு நின்றது. ஸ்டெல்லா பெட்டிக்குள் தூக்குப் பக்கத்தில் கையை விட்டாள். அப்படியே வைத்திருந்தாள்.

"எடு. சூடு போவுது."

"போட்டும். பல்பு எரியும்லா."

எரிந்தது. அவள் விரலெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது.

அன்றைக்கு இட்லி முழுதும் தீர்ந்தது. சிஸ்டர் இரண்டு வாங்கிப் பிட்டுப் பார்த்தார். "நாளைக்கும் இங்கேயே போடுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஜெபா லீவு முடிந்து வந்து வெப்பமானியைத் திருப்பிக்கொடுத்தாள். அதைக் கட்டில் தலைமாட்டில் மாட்டினேன். ரஜாய் இரண்டும் இப்போது எங்களுக்கே. படுத்தபடி இரண்டு சூட்டையும் பார்க்கலாம். பெட்டியில் இருபத்தெட்டு. தலைமாட்டில் ஒன்பது.