தாஸ் லோரியில் தண்ணீர் நிற்கவில்லை

நீங்கள் நம்பமாட்டீர்கள், அது எனக்குத் தெரியும், நானே வேறொருவர் வாயிலிருந்து இதைக் கேட்டிருந்தால் போய் வேலையைப் பாருய்யா என்று விரட்டியிருப்பேன். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து, ஞாயிறு தவறாமல் மெதடிஸ்ட் சபைக்குப் போகிற ஆள் நான். பேய், முனி, காத்து கருப்பு என்று எவனாவது ஆரம்பித்தால் பயம் வராது, கோபம்தான் வரும். கிள்ளானில் வொர்க்‌ஷாப் வைத்து லோரி இன்ஜின்களோடு மாரடிக்கிறவன். தண்ணீர் குறைந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, தேடினால் கிடைக்கும், அவ்வளவுதான் என் ஞானம்.

தாஸ் என் தங்கை ஸ்டெல்லாவின் கணவன். சொந்தமாக ஒரு பழைய லோரி வைத்துக்கொண்டு டெங்கில் பக்கத்துத் தோட்டங்களுக்கு உரமூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். இன்ஜின் சூடேறி, மேலே மூடிபோல உட்கார்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டுவிட்டது. அந்தக் காலத்து மாடலுக்குப் புதிதாக எங்கே கிடைக்கும்? ரவாங்கில் அடிபட்ட லோரிகளை அறுத்து விற்கிற கடைக்குப் போய் ஒரு ஹெட் வாங்கிவந்து மாட்டினேன்.

“அடிபட்ட வண்டிச் சாமான் மச்சான், ஒரு எலுமிச்சம்பழம் வெட்டிட்டு ஸ்டார்ட் பண்ணுவோம் லா” என்றான் தாஸ்.

“இரும்புக்கு எதுக்கு மாப்ள எலுமிச்சம்பழம்? வீட்டுக்குக் கொண்டுபோய் ஊறுகா போடச் சொல்லு” என்றேன்.

இன்ஜின் அருமையாக ஓடியது. ஆனால் மறுநாளே ரேடியேட்டரில் கூலன்ட், அதுதான் இன்ஜினைக் குளிரவைக்கிற தண்ணீர், பாதிதான் இருந்தது. ரிப்பேருக்குப் பிறகு உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும், காற்று வெளியேறினால் மட்டம் இறங்கும், சகஜம்தான். காற்றை எடுத்துவிட்டு நிரப்பி அனுப்பினேன். மறுபடியும் குறைந்தது. ரேடியேட்டர் மூடியை மாற்றினேன், ஹோஸ்களை மாற்றினேன். பம்பு வைத்து அழுத்தம் ஏற்றிப் பார்த்தேன், ஏற்றிய இடத்திலிருந்து முள் இறங்கவில்லை. இன்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்தால் பால் மாதிரி வெளுக்கும், அதுவும் இல்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகையும் இல்லை. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. அப்புறம் எங்கேதான் போய்த் தொலைகிறது? எனக்கு மண்டை காய்ந்துவிட்டது, ஸ்டெல்லாவோ தினமும் போன் போட்டு, “அண்ணே, நடுரோட்டுல நின்னுடப் போகுது, ரெண்டு பிள்ளைங்க இருக்கு எனக்கு” என்று புலம்புகிறாள்.

கடைசியில் கூலன்டில் ஒரு சாயத்தை ஊற்றினேன். சும்மா பார்த்தால் தெரியாது, நீல வெளிச்சம் அடிக்கிற ஒரு டார்ச் இருக்கிறது, அதைப் பிடித்தால் கசிந்த இடமெல்லாம் பச்சையாகப் பளபளக்கும். தாஸ் டெங்கிலுக்கு லோடு போய்விட்டு மத்தியானம் திரும்பினான். பார்த்தால், அன்றைக்கும் பாதி காலி. வெளியே நல்ல மழை. ஷட்டரை இறக்கி, விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சோடு இன்ஜினை அங்குலம் அங்குலமாகத் தேடினேன். எதுவுமே பளபளக்கவில்லை.

கேபினுக்குள் ஏதாவது ஒழுகியிருக்குமோ என்று கதவைத் திறந்து ஏறினேன். தாஸ் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். டார்ச் அவன் முகத்தில் பட்டது.

அவன் உதடு இரண்டும் பச்சை. மோவாயில், கழுத்தில், சட்டைக் காலரில், குடிக்கும்போது ஒழுகிய மாதிரி பச்சைக் கோடுகள். ஆண்டவரே! கூலன்ட் விஷம். தித்திப்பாக இருக்கும், ஆனால் கொஞ்சம் உள்ளே போனாலே கிட்னி போய்விடும்.

“மாப்ள, நீ இதைக் குடிச்சியா?”

“எதை மச்சான்? பைத்தியமா உங்களுக்கு? மூட்டை இறக்குற வரைக்கும் கொஞ்சம் கண்ணசந்தேன், அவ்வளவுதான்.”

கையைக் காட்டச் சொன்னேன். இரண்டு கையும் சுத்தம், நகக்கண்ணில்கூடப் பச்சை இல்லை. அப்போதுதான் அவன் இடது கன்னத்தைப் பார்த்தேன். நான்கு விரல். பச்சைத் தடம் தெளிவாகத் தெரிந்தது. வலது கன்னத்தில் கட்டைவிரல். முடியாமல் கிடக்கிறவனுக்குத் தாடையைப் பிடித்து வாயில் தண்ணீர் ஊற்றுவோமே, அந்த மாதிரி. பக்கத்து சீட்டு, கெலிண்டான் என்கிற லோரி உதவியாள் உட்காருகிற சீட்டு, காலியாகத்தான் இருந்தது. அதைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அவனை இழுத்துக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். அவனை உள்ளே கொண்டுபோனதும், வாசலில் நின்றபடி ரவாங் கடைக்காரருக்குப் போன் செய்தேன். அந்த ஹெட் எந்த லோரியில் இருந்தது என்று கேட்டேன்.

“அந்த லோரி அடிபட்டப்ப டிரைவர் உள்ள சிக்கிக்கிட்டு தண்ணி தண்ணின்னு கேட்டானாம் அண்ணே. கெலிண்டானுக்கு ஒண்ணும் ஆகல, தண்ணி போத்தலை எடுத்துக்கிட்டு அவன்கிட்ட ஓடியிருக்கான். சுத்தி நின்னவங்க விடல. அடிபட்டவனுக்குத் தண்ணி குடுத்தா உயிர் போயிடும்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்களாம். ஆளு தாகத்தோடயே போயிட்டான்.”

“அந்தக் கெலிண்டான் இப்ப எங்க?”

“அவனும் இல்ல அண்ணே. தண்ணி குடுக்க முடியலையேன்னு சோறு தண்ணி இல்லாம கிடந்து, கொஞ்ச நாள்லயே போயிட்டான்.”

டாக்டர் ரத்தம் எடுத்தார், சிறுநீர் எடுத்தார். ஒரு துளி விஷம் இல்லை. நான் சொன்ன அளவு குடித்திருந்தால் இவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கமாட்டார் என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். தடத்தை நான் கண்ணால் பார்த்தவன்.

அந்த ஹெட்டைக் கழற்றி இரும்புக் கடையில் போட்டேன். தாஸ் லோரியையே விற்றுவிட்டு, இப்போது சுபாங் ஜெயாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். ஆள் நன்றாகத்தான் இருக்கிறான், சதைகூடப் போட்டிருக்கிறான். எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

போன வாரம் ஸ்டெல்லா போன் செய்தாள். குரலே சரியில்லை.

“அண்ணே, இவரு வீட்டுல தண்ணியே குடிக்க மாட்டேங்கிறாரு. வேலைக்குக் குடுத்துவிடுற போத்தலும் அப்படியே திரும்பி வருது. கேட்டா, இப்பதான் குடிச்சேன்ங்கிறாரு.”

யார் கொடுத்தது என்று அவனிடம் கேட்கச் சொல்லி அழுகிறாள். நான் இன்னும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.