சைவ பாடம் எப்போ, மாஸ்டர்?

பள்ளிக்கூட வேலையில் பாதிச் சம்பளம் பிள்ளைகளுக்காக, மீதிப் பாதி அவர்களைப் பெற்றவர்களுக்காக என்பது வாத்தியார்களாகிய உங்களுக்குத் தெரியாததல்ல. எழுபதுகளின் கடைசியில், போடிமெட்டைத் தாண்டி ஏலத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு தமிழ்ப் பள்ளியில் நான் அந்த மீதிப் பாதியைச் சம்பாதித்தேன்.

அட்டவணையில் இல்லாதது

சிலோனிலிருந்து திரும்பி எங்கள் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் வேலாயுதம். மகள் செல்வியை ஆறாம் வகுப்பில் சேர்த்த கையோடு கால அட்டவணையை மேலிருந்து கீழ்வரை படித்தார். "சைவ பாடம் எப்போ, மாஸ்டர்?" என்றார். அங்கே அது ஒரு பாடமாம். சைவப் பிள்ளைகள் ஓர் அறை, கிறிஸ்தவர்களான வேதக்காரப் பிள்ளைகள் இன்னோர் அறை. பரீட்சையும் உண்டாம்.

இங்கே மதம் சொல்லித் தருவதில்லை, எல்லாரும் ஒன்றாகத்தான் உட்காருவார்கள் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"சாமி இருக்கிற நாடுன்னு சொல்லித்தானே மாஸ்டர் எங்கள கப்பல்ல ஏத்துனாங்க?"

வெள்ளிக்கிழமை

மகள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்க வந்தவர், தலைமையாசிரியர் அறையில் பிள்ளையார் படத்துக்குக் கற்பூரம் எரிவதைப் பார்த்துவிட்டார். "மதமே இல்லைன்னீங்களே?" தலைமையாசிரியர் அசரவில்லை. "இது பாடம் இல்லப்பா, பழக்கம்."

தேங்காய் உடைத்தது மரியம்மா டீச்சர். தலைமையாசிரியர் உடைத்தால் கோணலாக உடையும், அப்புறம் வாரம் முழுக்க எங்கள்மேல் எரிந்து விழுவார். டீச்சர் கழுத்துச் சிலுவையை வேலாயுதம் உற்றுப் பார்த்தார். டீச்சர் பூப்பாறைக்காரர், தமிழும் மலையாளமும் கலந்துதான் வரும்.

"தேங்காய்க்கு எந்து மதம், சேட்டா?"

மாலை வகுப்பு

கடைசியில் வேலாயுதம் தானே பள்ளி முடிந்ததும் மரத்தடியில் சைவ வகுப்பு ஆரம்பித்தார். சைவப் பிள்ளைகள் மணியடித்ததும் விறகு பொறுக்க ஓடிவிடும். அம்மா கிளம்பும்வரை காத்திருந்தாக வேண்டிய மரியம்மா டீச்சர் பிள்ளைகள் இரண்டும்தான் செல்வியோடு உட்கார்ந்தன. ஒரு மாதம் கழித்து விசாரித்தேன்.

"வேதக்காரப் பிள்ளைங்களுக்குத்தான் மாஸ்டர் திருநீற்றுப் பாட்டு நல்லா வருது."

சடங்கு முடிந்த திங்கட்கிழமை

செல்வி பெரியவளானாள். வயதுக்கு வந்த பெண் பள்ளிக்கு வராது, ஏலப் பழம் எடுக்கத்தான் போகும். எங்கள் தோட்டத்தில் அதுதான் வழக்கம். சைவ பாடம் கேட்டவர் முதல் ஆளாக நிறுத்துவார் என்று நினைத்தேன். அவரோ சடங்கு முடிந்ததும் பாவாடை தாவணியில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

தலைமையாசிரியர் படியிலேயே மறித்தார். "பையங்களோட ஒரே ரூம்புல எப்பிடிப்பா? ஊரு என்ன சொல்லும்?" தேங்காய் உடைத்த டீச்சர் தரையைப் பார்த்தார். நான் கையிலிருந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். செல்வி பைக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எந்த ஊருங்க?" என்றார் வேலாயுதம். "அங்க இந்தியாக்காரன்னாங்க. இங்க சிலோன்காரன்றீங்க. நான் எந்த ஊருக்குப் பயப்படணும்?"

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார். அப்புறம் படியைவிட்டு விலகி நின்றார்.

"வெரசா உள்ள போ ஆத்தா, கணக்குப் பீரியடு போகுது."

எந்த நாட்டுப் பள்ளியில் சகிப்புத்தன்மை அதிகம் என்று யாராவது கேட்டால், பிள்ளை பையனா பெண்ணா, வயது என்ன என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.